ஒரே ஜன்னலின் படங்கள்

கொக்கியைத் தடுத்துவிட்டேன், இனிமேல் அவனால் ஒரு பக்கத்தைக்கூடத் தொட முடியாது, அது போதும், இப்போது வேலையைப் பார், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வினாத்தாள்களைக் கொடுத்துக்கொண்டு வருகிறேன். முதல் பெஞ்சுப் பெண்ணுக்கு இரண்டு தாள் கொடுத்துவிட்டேன், ஒன்றைத் திருப்பித் தந்தாள், பரீட்சை எனக்கா அவளுக்கா என்று நினைத்திருப்பாள். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல். ஜன்னல் கம்பிகளின் நிழல் கரும்பலகை வரை விழுந்திருக்கிறது, மின்விசிறி ஒன்று சுற்றுகிறது, இன்னொன்று சுற்றுவதுபோல் சத்தம் மட்டும் போடுகிறது. போன் என்னிடம் இல்லை. தலைமையாசிரியர் அறையில் இரும்பு பீரோவில், என் பெயர் எழுதிய காகித உறைக்குள், எல்லா டீச்சர்களின் போன்களோடும் கிடக்கிறது. அதை ஒப்படைக்க வரிசையில் நின்றபோதுதான் பார்த்தேன். எங்கள் விக்கி புள்ளிக்கோட்டிலிருந்து அறிவிப்பு மேல் அறிவிப்பு. பக்கம் நீக்கப்பட்டது, நீக்கியவர் கொக்கி. பக்கம் நீக்கப்பட்டது, நீக்கியவர் கொக்கி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்து மேலே உட்கார்ந்தது. "டீச்சர், போனைக் குடுங்க, பெல் அடிக்கப்போறாங்க" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் அவன் பெயரைத் தொட்டேன், தடை என்பதைத் தொட்டேன், உறுதியா என்று கேட்டது, உறுதி என்றேன், போனை அணைத்து உறைக்குள் போட்டுவிட்டேன். எத்தனை வருட நட்பு, ஒரு விரல் நுனியில். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, பரீட்சை அறையில் மேற்பார்வையாளர் அழுதால் பிள்ளைகள் என்ன நினைக்கும்.

எனக்குப் புள்ளிக்கோடு என்ன என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. என் கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். எழுத்துகளை வைத்துப் படம் போடுகிறவர்கள் சிலர் இருக்கிறோம், புள்ளி, கோடு, அடைப்புக்குறி, ட, ப, ஃ எல்லாவற்றையும் வரி வரியாக அடுக்கினால் தூர நின்று பார்க்கையில் ஒரு மாடு தெரியும், ஒரு தேர் தெரியும், அதை ஓர் அரட்டை அறையில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம், அந்தப் படங்களையெல்லாம் சேர்த்துவைக்க ஒரு விக்கி, எல்லோரும் சேர்ந்து எழுதுகிற ஓர் இணையத்தளம், கட்டிக்கொண்டிருக்கிறோம் என்றேன். "போட்டோ எடுத்தா போதுமே" என்றார். போதாது. போட்டோ அப்படியே மொத்தமாக வந்து விழுந்துவிடும். எங்கள் படம் அறைக்குள் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக இறங்கும். மொத்தமாகக் கொட்டினால் சர்வர் வெளியே தள்ளிவிடும் என்பதால் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு மூச்சு விட வேண்டும், அப்படி மூச்சு விட்டு அனுப்புகிற நிரலை எழுதியவன் கொக்கி. அவன் படம் போடமாட்டான், படம் இறங்க வழி போடுவான். ஒட்டன்சத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், நிஜப்பெயர் ஹபிபுல்லா. படம் இறங்கிக்கொண்டிருக்கும்போது யாரும் எதுவும் தட்டமாட்டார்கள், நடுவில் ஒரு 'ஹாய்' விழுந்தால் மாட்டின் கழுத்து அறுந்துவிடும். அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த அறையை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் விக்கி கட்டலாம் என்று சொன்னவள் நான். சர்வரும் என் பெயரில்தான். ஒரு புள்ளிகூட மாறாமல் எடுத்துவைக்க வேண்டும், எதையும் நீக்கக் கூடாது என்று விதி எழுதியவளும் நான். போன வாரம் அதில்தான் சண்டை. யாரோ ஒருவர் ஒரு பெண்ணின் பெயரை வைத்துப் போட்ட தன் பழைய படத்தை எடுத்துவிடச் சொன்னார், கல்யாணம் ஆகிவிட்டது, பெண்டாட்டி பெயர் வேறு என்று. நான் முடியாது என்றேன். "போட்டவங்க எடுக்கச் சொன்னா எடுத்துரணும் டீச்சர், அது அவங்க கைவேலை" என்றான் கொக்கி. "இங்க வந்தப்புறம் அது எல்லாருக்கும் பொது" என்றேன். "நீங்க டீச்சரு, எதையும் திருத்துவீங்க, அழிக்க மாட்டீங்க" என்று எழுதிவிட்டுப் போய்விட்டான், அதற்குப் பிறகு அறைக்கு வரவில்லை. இன்று காலையில் வந்து அழிக்கிறான். எனக்குக் காட்டுகிறான், எனக்கும் அதிகாரம் இருக்கிறது பார் என்று.

மூன்றாவது வரிசையில் ஒரு பையன் கூடுதல் தாள் கேட்கிறான். இவ்வளவு சீக்கிரமாகவா. கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன், மங்கையர்க்கரசி என்று முழுப்பெயரும் எழுதிவிட்டேன், சுருக்கொப்பம் போதும் என்று சொல்லியிருந்தார்கள். நடக்க வேண்டும், உட்காரக் கூடாது. நடந்தால் மனது இன்னும் வேகமாக ஓடுகிறது. எதை எதை அழித்திருப்பான். நான் பார்த்தபோது அவன் பெயரை மட்டுமே பார்த்தேன், பக்கத்தின் பெயர் கண்ணில் பட்டும் உள்ளே இறங்கவில்லை. நினைத்துப் பார். மேலே வந்து உட்கார்ந்ததே, கடைசியாக, அது என்ன. ஜன்னல், மழை. ஆமாம், 'ஜன்னல், மழை' என்றுதான் இருந்தது, எங்கள் அரட்டை அறைத் தும்பியின் படம். அதை எப்படி அழிக்க மனது வந்தது அவனுக்கு. அந்தப் படத்தில் மழைக்கு ஒரு கோடுகூட இல்லை, எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளியை மட்டும் சாய்த்துச் சாய்த்து விட்டு மழை பெய்ய வைத்திருப்பாள். வெளியே ஒரு கோயில், மாதா கோயில், இரண்டு கோபுரத்தில் ஒன்று பாதியில் நின்றுபோனது. அந்தப் பக்கம் ஐஸ் கம்பெனி புகைபோக்கி. தண்ணீர்த் தொட்டி. கம்பியில் வரிசையாக ஃ ஃ ஃ என்று நனைந்த காக்கைகள். ஆய்த எழுத்துக்கு அதைவிட நல்ல வேலை யாரும் கொடுத்ததில்லை என்று நான்தான் அந்தப் பக்கத்தில் எழுதினேன். பார்த்தவுடனே ஊரே கண்முன்னால் நிற்கிறது என்றும் எழுதினேன். அதற்கு முன்னால் என்ன இருந்தது. 'ஜன்னல், காலை'. அதற்கும் முன்னால் 'ஜன்னல், கரண்ட் இல்லாதபோது'. எல்லாம் தும்பி. அதற்கு முன்னால் எனக்குத் தெரியவில்லை, ஆனால் மூன்றும் தும்பி. என் படம் இல்லை. என் தேர் அங்கேதான் இருக்கும். என் மேல் கோபம் என்றால் என் தேரை அல்லவா இடிக்க வேண்டும். தும்பியின் மேல் அவனுக்கு என்ன.

இதோ, அவன் அவன் என்கிறேன். நேற்றுவரை கொக்கி எனக்கு 'அவர்'. என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் அவர், இவர் என்றுதான் அறையில் எல்லோரும் பேசிக்கொள்வோம், முகம் தெரியாதவர்களுக்குள் அதுதானே மரியாதை. கோபம் வந்ததும் காலையிலிருந்து 'ர்' போய் 'ன்' வந்துவிட்டது. கோபம் வந்தால் அந்த மரியாதையை எடுத்துவிடுகிறோம். இல்லாவிட்டால் நம்முடையவர் என்று தோன்றினால் எடுத்துவிடுகிறோம். வீட்டுக்குள் எடுத்துவிடுகிறோம். இது எங்கேயோ இடறுகிறது. சமீபத்தில் யாரோ ஒருவர் இப்படி எடுத்தார், படிக்கும்போது ஒரு நொடி நெருடியது, விட்டுவிட்டேன். எங்கே. கடைசி வரிசைப் பெண் தலையை நிமிர்த்தி என்னையே பார்க்கிறாள், நான் நடையை நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. நடக்கிறேன். விக்கியில் கருத்து எழுதுகிற உரையாடல் பக்கம். தும்பியின் உரையாடல் பக்கத்தில். இளந்தென்றல் என்று புதிதாக ஒருவர் வந்தாரே இந்த வாரம், ரொம்பப் பணிவாக, டீச்சர் டீச்சர் என்று. அருமையான சேவை செய்கிறீர்கள் என்று எழுதினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கொக்கி போன வருத்தத்தில் இருந்தேன், யாராவது ஒருவர் நல்ல வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. தும்பியின் படங்களுக்குத் தான் ரசிகன் என்றார். 'கோபுரம் போட்டிருக்கறத பாத்தாலே அவ கைன்னு தெரியும்' என்று எழுதியிருந்தார். அவ கை. அவ. தும்பி ஆணா பெண்ணா என்று அறையில் யாருக்கும் தெரியாது. எனக்கும் கொக்கிக்கும் மட்டும் தெரியும், எங்களிடம் மட்டும் தனியே சொல்லியிருந்தாள். மற்ற எல்லோருக்கும் தும்பி 'அவர்'. விக்கியிலும் 'அவர்' என்றுதான் எழுதியிருக்கிறேன். அப்படியிருக்க, நேற்று வந்த ஒருவருக்கு எப்படி 'அவ'.

இரு, அவசரப்படாதே, தட்டச்சுப் பிழையாக இருக்கலாம், 'அவர்' என்பதில் கடைசி எழுத்து விட்டுப்போயிருக்கலாம். இல்லை. அவர் எழுதிய மற்ற வரிகளில் ஒரு பிழை இல்லை. ஊர் என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன், ஒவ்வொரு கலைஞரின் பக்கத்திலும், தும்பியின் பக்கத்தில் மட்டும் அது காலி, எனக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டேன் ஒருநாள். "ஊர் மட்டும் வேண்டாம் டீச்சர்" என்று தட்டினாள். "பேர்?" என்றேன். "தும்பின்னே இருக்கட்டும்." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு இனிமே வீடுன்னு ஒண்ணு இல்ல, ஹாஸ்டல்தான், ஜன்னல் நல்ல ஜன்னல்" என்று வந்தது. வேறொருநாள், கை விரல் ஒன்று சரியாக மடங்காது, அதனால்தான் மெதுவாகத் தட்டுகிறேன் என்றாள். எப்படி ஆனது என்றேன். கதவு என்றாள். கதவு என்று மட்டும்தான். நான் கதவில் இடித்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன், ஐயோ, கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அந்த ஒரு வார்த்தைக்குள் கதவைச் சாத்திய புருஷனைப் படிக்கத் தெரியவில்லை. இளந்தென்றல் கேட்டார், இவையெல்லாம் ஒரே ஜன்னலிலிருந்து போட்டவையா என்று. நான் பதில் எழுதினேன். ஆம், ஒரே ஜன்னல்தான், கோபுரத்தின் உயரத்தைப் பார்த்தால் தெரியும் என்று. உங்களுக்காகத் தேதி வரிசையில் அடுக்கித் தருகிறேன் என்று. அடுக்கியும் கொடுத்தேன், அழகாக, கடைசிப் படம் இந்த மாதத்தது என்று தெரியும்படி. பாதிக் கோபுரமும் புகைபோக்கியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற ஊர் எத்தனை இருக்கும். அந்தப் பக்கத்து ஆள் ஒருவன் பார்த்தால் போதும். கொக்கி எனக்குக் காட்டுவதற்காக அழிக்கவில்லை. இளந்தென்றல்தான் அந்தப் புருஷன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறார், நான் அவர் கையைப் பிடித்து முறுக்கிவிட்டு வந்து இங்கே நின்றுகொண்டிருக்கிறேன். மிச்சப் படங்கள் இந்த நொடியில் திறந்து கிடக்கின்றன. 'ஜன்னல், ஞாயிறு' கிடக்கிறது. அதில் கோயில் வாசல் பெயர்ப்பலகையைக்கூடப் போட்டிருப்பாள், எழுத்துக்குள்ளே எழுத்தாக, உற்றுப் பார்த்தால் படிக்கலாம்.

இன்னும் பாதி நேரத்துக்கு மேல் இருக்கிறது. வெளியே போக முடியாது. போனால் இந்தப் பிள்ளைகள், என் வேலை, மெமோ, விசாரணை. ஒருவேளை எல்லாம் என் கற்பனையாக இருந்தால், ஒரு எழுத்து விட்டுப்போனதற்காக நான் பரீட்சை அறையை விட்டு ஓடினேன் என்று சொல்வார்கள், சொல்லட்டும், ஆனால் கற்பனையாக இருந்தால். கற்பனையாக இல்லாவிட்டால். இந்த இரண்டுக்கும் நடுவில் இந்த அறையை எத்தனை தடவை சுற்றினேனோ தெரியாது, பெஞ்சு முனையில் தொடை இடித்து வலிக்கிறது. வராந்தாவில் மாற்று ஆசிரியர் சகாயமேரி டீச்சர் தண்ணீர் பாட்டிலோடு போகிறார். வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"டீச்சர், கொஞ்சம் உள்ள நில்லுங்க. நான் ஆபீஸ் வரைக்கும் போகணும்."

"என்ன மங்கை, முகமெல்லாம் வேர்த்திருக்கு? பிரஷரா?"

"ஆமா" என்றேன், பொய்யும் இல்லை. அவர் உள்ளே போனதும் வராந்தாவில் ஓடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். தலைமையாசிரியர் அறையில் பரீட்சைக்குப் பொறுப்பான துறை அலுவலர் சிவசைலம் சார் மட்டும் உட்கார்ந்திருந்தார், விடைத்தாள் கட்டும் சணல் நூலை விரலில் சுற்றிக்கொண்டு.

"சார், என் போன் வேணும்."

"பரீட்சை நடக்குது. போன் வெளிய வந்தா உங்களுக்கு இல்ல, எனக்குத்தான் வேலை போகும்."

"சார், ஒரு பொண்ண அவ வீட்டுக்காரர் தேடிட்டு இருக்கார். விட்டுட்டு வந்த பொண்ணு. அவ எங்க இருக்கான்னு காட்டுற படம் என் பொறுப்புல இருக்கு. அத நான் எடுக்கணும், நான் மட்டும்தான் எடுக்க முடியும்."

"உங்க சொந்தக்காரப் பொண்ணா?"

"இல்ல."

"தெரிஞ்ச பொண்ணா?"

முகம் தெரியாது, குரல் தெரியாது, பெயர் தெரியாது. "நல்லாத் தெரியும் சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு நூலை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப ட்யூட்டிய விட்டுட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. கேட்டுக்கு வெளிய போயிதான் போன ஆன் பண்ணணும். விசாரணை வந்தா நான் நடந்ததத்தான் சொல்லுவேன்" என்றார். எழுதினேன். அவர் பீரோவைத் திறந்து உறையைத் தேடுகிற நேரம் முழுக்க எனக்கு அவர் கை மட்டும்தான் தெரிந்தது. கொடுக்கும்போது, "சீக்கிரம் போம்மா" என்றார், அதுவரை இல்லாத குரலில்.

கேட்டுக்கு வெளியே கரும்புச்சாறு வண்டி நிழலில் நின்று போனை உயிர்ப்பித்தேன். அது எழுந்து வர எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் என்னென்ன கடவுளைக் கூப்பிட்டேன் என்று தெரியாது. தவறிய அழைப்புகள், எல்லாம் கொக்கி. அதற்கு மேலே புள்ளிக்கோட்டிலிருந்து ஒரே ஒரு புதுச் செய்தி, தும்பியின் உரையாடல் பக்கத்தில், இளந்தென்றல் எழுதியது. 'ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன். மிக்க நன்றி டீச்சர்.' கரும்பை இயந்திரத்துக்குள் விடுகிற சத்தம் காதுக்குள் போய்க்கொண்டே இருந்தது. உட்கார்ந்துவிட்டேன், ரோட்டோரக் கல்லில். கொக்கியைக் கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்தார்.

"டீச்சர், மொதல்ல தடைய எடுங்க, அப்புறம் திட்டுங்க. காலைல தும்பி கடைக்குப் போன் பண்ணுச்சு. அந்த இளந்தென்றல்…"

"தெரியும். அவ வீட்டுக்காரர்."

"தெரியுமா? அவன் எழுத்த பாத்ததும் தும்பி கண்டுக்கிச்சு, அந்தாளு அப்படித்தான் எழுதுவானாம், முதல்ல ரொம்ப மரியாதையா. நான் ஒவ்வொண்ணா எடுத்துட்டே வந்தேன், திடீர்னு வெளிய தள்ளிருச்சு. உங்க போன் ஆஃப்பு."

"நான்தான் தள்ளினேன் கொக்கி."

அவர் ஜெராக்ஸ் இயந்திரத்தை நிறுத்துகிற சத்தம் கேட்டது. "ஊரக் கண்டுபிடிச்சிட்டேன்னு எழுதிட்டான்" என்றேன். "எப்ப?" என்றார். பார்த்துச் சொன்னேன். "ஊரு தெரிஞ்சாலும் எந்த ஹாஸ்டல், எந்த மாடின்னு தெரியணும்ல டீச்சர். படத்த வச்சுக்கிட்டு அங்க போயி நின்னுதான் கோணம் பாக்கணும். அது கைல இல்லாம பண்ணுங்க." ஒவ்வொன்றாக எடுக்க நேரமில்லை. முகப்பில் ஒன்று இருக்கிறது, பயிற்சிப் பக்கத்தில் உதாரணமாக ஒன்று, ஆய்த எழுத்துப் பக்கத்தில் ஒன்று, நானே எங்கெங்கோ பெருமையாக ஒட்டிவைத்திருக்கிறேன். "மொத்தமா எடுத்துடுறேன்" என்றேன். "டீச்சர், மத்தவங்களோடது எல்லாம் அதுலதான…" "தெரியும்." சர்வருக்குள் நுழைந்தேன். தற்காலிகமாக நிறுத்திவைக்க ஏதாவது வழி இருந்திருக்கும், அந்தச் சின்னத் திரையில், அந்த வெயிலில் என் கண்ணில் பட்டது நீக்கு என்பது மட்டும்தான். வீட்டுக் கணினியில் ஒரு பழைய நகல் இருக்கிறது, தீபாவளிக்கு முன்னால் எடுத்தது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் இதில்தான், என் தேரின் இரண்டாவது வடிவம், கொக்கி புதிதாக எழுதிய நிரல், யார் யாரோ ராத்திரி விழித்துப் போட்ட மாடும் மயிலும் கப்பலும். உறுதியா என்று கேட்டது. காலையில் கேட்ட அதே கேள்வி, அப்போது யோசிக்கவில்லை, இப்போதும் யோசிக்கவில்லை. உறுதி. முகவரியைத் தட்டிப் பார்த்தேன், வெள்ளையாக வந்தது. இன்னொரு தடவை தட்டிப் பார்த்தேன். வெள்ளை. "போயிருச்சு" என்றேன். "இங்கயும் காட்டல" என்றார் கொக்கி. "தும்பி எங்க?" "ஹாஸ்டல விட்டுக் கிளம்பச் சொல்லிட்டேன். கெளம்புனுச்சா தெரியல. உங்க நம்பரக் குடுத்திருக்கேன், வாங்கிக்கிட்டு ஒண்ணும் சொல்லல."

காத்திருந்தேன். உள்ளே ஒரு மணி அடித்தது, இன்னொரு மணி அடித்தது, என்ன மணி என்று தெரியவில்லை. அவன் அந்தத் தெருவில் நின்றுகொண்டு போனைத் தூக்கிப் பிடித்துக் கோபுரத்தையும் புகைபோக்கியையும் பொருத்திப் பார்ப்பதாக ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்தது, ஒவ்வொரு தடவையும் நான் போனை மட்டும் வெள்ளையாக்கினேன், ஒவ்வொரு தடவையும் அவன் முன்னமே படத்தைத் தரவிறக்கி வைத்திருப்பானோ என்று ஒரு எண்ணம் அதைத் திரும்ப நிரப்பியது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது எடுக்கவே பயமாக இருந்தது.

"டீச்சரா?"

கேட்டதில்லை அந்தக் குரலை. நான் நினைத்திருந்ததைவிட வயதான குரல், கொஞ்சம் கரகரப்பு. பின்னால் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"ஆமா. தும்பியா? ஏறிட்டியா?" உங்களை என்றும் நீங்கள் என்றும் மூன்று வருடம் தட்டிய விரல்கள், வாய் அதையெல்லாம் மறந்துவிட்டது.

"ஏறிட்டேன் டீச்சர். நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது அவர் எதிர்ல ஆட்டோல போனாரு. என்னைப் பாக்கல. போனக் குனிஞ்சு பாத்துட்டே போனாரு."

"படம் எல்லாத்தையும் எடுத்துட்டேன்மா" என்றேன். "உன்னோடது மட்டும் இல்ல. எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா?" என்றாள். "உங்க தேரு?"

"போகட்டும்."

"இழுக்கற கயிறுல ஒவ்வொரு ஆளையும் தனித்தனியா போட்டிருந்தீங்களே டீச்சர்." அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன், கரும்புக்காரர் திரும்பிப் பார்க்கும்படி. எங்கே போகிறாய், யார் இருக்கிறார்கள் அங்கே, சாப்பிட்டாயா, எங்கே தங்குவாய் என்று எல்லாக் கேள்விகளும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன, வாயைத் திறந்தும்விட்டேன். அந்த நேரம் பார்த்து பஸ்ஸுக்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டு அடுத்து வருகிற ஊரின் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தார், இறங்குறவங்க முன்னாடி வாங்க, என்று. முதல் எழுத்து காதில் விழுந்ததும் போனைக் காதிலிருந்து எடுத்து, கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டேன், அவர் கத்தி முடிக்கும்வரை.